வண்டி, வாகனம் என்ற இரண்டு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு வாரமாக இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்கப்படுவது, பற்றி நடக்கும் வாக்குவாதத்தைப் படித்து வருகிறேன். முதலில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இயேசு சிலுவையில் மரித்ததால் என் பாவம் தீர்ந்தது என்று நம்பினாலே போதும் என்றால் ஒழுக்கத்துக்கு என்ன வேலை, பகலில் ஊரை ஏய்த்துவிட்டு ராத்திரி ஜெபம் பண்ணிக்கொள்ளலாமே என்று. அடுத்த வாரம் எங்கள் ஆள் ஒருவர் பதில் எழுதினார். இரட்சிப்பு கிருபையினால், அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவினால், மட்டுமே. மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள போதனை) இயேசு சொன்னதை எந்த மனிதனாலும் கைக்கொள்ள முடியாது. முடியாது என்று நமக்கு உணர்த்தத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது அவருடைய கட்சி. முதல் கடிதம் எனக்குக் கோபம் மூட்டவில்லை. இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அதே பேச்சை நான் பதினைந்து வருஷம் பேசியிருக்கிறேன்.

நான் போதகர் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தாறு வருஷம் பத்திர எழுத்தராக உட்கார்ந்திருந்தவன். இப்போது வயது 71. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் தெருத்தெருவாக வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும்போது, ஐயர் (எங்கள் போதகர்) வரமுடியாத நாளில் என்னைப் பேசச் சொல்வார்கள். பத்திரம் எழுதுகிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்குத் தெரியும்.

முதல் வாசகருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டது பழைய கேள்விதான். அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது: ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே.’ ஆறாம் அதிகாரத்தின் தொடக்கம். அந்தக் காலத்திலேயே யாரோ பவுலை அப்படி மடக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் அதை எடுத்து எழுதுவானேன்? ஆகையால் உங்கள் வாசகரை நாத்திகர், எதிரி என்றெல்லாம் எங்கள் ஆட்கள் ஏச வேண்டியதில்லை. வேதத்துக்குள்ளேயே இருக்கிற கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

கிருபை என்பதை நான் என் தொழிலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்று எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. சண்டே ஸ்கூல் பிள்ளைகூட மனப்பாடமாக ஒப்பிக்கும். ஈவு என்றால் எங்கள் ஆபீஸ் பாஷையில் தானம். கிரையப் பத்திரம் என்றால் பிரதிபலன் என்று ஒரு தொகை இருந்தாக வேண்டும். தான செட்டில்மென்ட்டில் அது கிடையாது. ‘தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று ஆரம்பித்து, ‘இதற்காகத் தங்களிடம் யாதொரு பிரதிபலனும் நான் பெறவில்லை’ என்று எழுதி, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று கொண்டுபோய் நிறுத்துவோம். கை தானாக எழுதிவிடும்.

ஆனால் இலவசமாகக் கொடுத்தால் மட்டும் தானம் முடிந்துவிடாது. 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 122ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே. ஏற்றுக்கொள்வதற்கு முன் வாங்க வேண்டியவர் இறந்துவிட்டால் தானமே செல்லாது. விசுவாசம் என்று நாங்கள் சொல்வது இந்த ஏற்றுக்கொள்வதைத்தான். அது விலை அல்ல. கையை நீட்டுவது.

அதே சட்டத்தில் 127ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பாரத்தோடு கூடிய தானம். ஒரே கொடுப்பாகப் பல சொத்துக்களைக் கொடுக்கிறார், அதில் ஒன்றின் தலையில் மட்டும் பாரம் இருக்கிறது என்று வையுங்கள். சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது. ஒருவரிடம் இரண்டு கம்பெனிப் பங்குகள் இருக்கின்றன. ஒரு கம்பெனி செழிப்பாக நடக்கிறது. இன்னொன்று நொடித்துக்கொண்டிருக்கிறது, பங்குதாரர்கள் மேலும் பணம் கட்ட வேண்டிவரும். இரண்டையும் சேர்த்து ஒருவருக்குத் தானம் கொடுக்கிறார். வாங்குகிறவர் நொடித்த கம்பெனிப் பங்கு வேண்டாம் என்கிறார். அப்படியானால் செழிப்பான கம்பெனிப் பங்கும் அவருக்குக் கிடையாது. எடுத்தால் முழுசாக எடு, இல்லாவிட்டால் விட்டுவிடு.

இதை லெந்துக் கூட்டத்தில் நான் பேசியபோது கூடியிருந்தவர்கள் அசந்துபோனார்கள். பாவமன்னிப்பு செழிப்பான பங்கு, ‘உன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று’ என்பது பாரமுள்ள பங்கு, ஒன்றை வாங்கி ஒன்றைத் தள்ள முடியாது என்றேன். கூட்டம் முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது, ‘வக்கீல்கூட இப்படிச் சொல்ல மாட்டான் அண்ணாச்சி’ என்று ஒருவர் தோளைத் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் என் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். சுக்குக்காப்பி வாங்காமல் எழுந்து போய்விட்டாள்.

சரி, இனி என் சங்கதிக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா 2003இல் இறந்தார். ரோட்டை ஒட்டி முன்னும் பின்னுமாக ஒரு புஞ்சை. பின்னால் ஒரு கிணறு, ஏழெட்டுப் பனை. நாங்கள் இரண்டு பேர். ரோட்டுப் பக்கத்துப் பாகம் எனக்கு, கிணற்றுப் பக்கம் தம்பிக்கு என்று பேசிக்கொண்டோம். பின்பக்கத்துக்குப் போக என் பாகத்தின் வழியாக எட்டடிப் பாதை. அப்பா காலத்திலிருந்து மாட்டுவண்டி போன பாதைதான். 2004இல் பாகப்பிரிவினைப் பத்திரத்தை நானே எழுதினேன். தயாரித்தவர் என்ற இடத்தில் சக எழுத்தர் ஒருவர் கையெழுத்துப் போட்டார், வரைவு முழுக்க என்னுடையது.

எழுத வேண்டியது இது: ‘எட்டடி அகலப் பொதுப்பாதையில் ஆட்கள், கால்நடைகள், வண்டி, வாகனம் போகவர உரிமை.’ நான் எழுதியது: ‘நாலடி அகல நடைபாதையில் ஆட்கள், கால்நடைகள் போகவர உரிமை.’ எட்டு நாலாயிற்று. வண்டி, வாகனம் என்ற இரண்டு வார்த்தையை விட்டுவிட்டேன். ரோட்டு ஓரம் பிற்பாடு கடை கட்டினால் எனக்கு அந்த நாலடி வேண்டும் என்ற கணக்கு. பாதை நூற்றுப் பத்தடி நீளம். நாலடி என்றால் நானூற்று நாற்பது சதுர அடி, ஒரு சென்ட்டும் கொஞ்சமும். அவ்வளவுதான் மொத்தச் சொத்து.

தம்பியிடம் படித்துப் பார் என்று நீட்டினேன். ‘நீ எழுதினதுல நான் என்னண்ணே படிக்க’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பக்கம் பக்கமாகப் போட்டான். கைநாட்டு வைக்க மையை எடுத்துக் கொடுத்தது நான்.

இரண்டு வருஷம் கழித்து அவன் பின்னால் வீடு கட்ட ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செங்கல் லாரி ரோட்டிலேயே நின்றுவிட்டது. நான் அதற்குள் நாலடி விட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டியிருந்தேன். சித்தாள்கள் செங்கலையும் மணலையும் சட்டியில் வைத்து நூற்றுப் பத்தடி தலைச்சுமையாகச் சுமந்தார்கள். ஒரு வாரமல்ல, வீடு எழும்பும் வரைக்கும். அதில் ஒரு சித்தாள், தலையில் சும்மாட்டுக்கு மேல் எட்டுக் கல், கம்பியில் சேலை மாட்டிக்கொண்டால் கையை எடுக்க முடியாமல் அப்படியே நிற்பாள். பின்னால் வருகிறவள் வந்து எடுத்துவிட வேண்டும். இதை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மத்தியானம் ஒரு பானை மோர் கலக்கி அவர்களுக்குக் கொடுப்பாள். அந்த மோரைக்கூட நான் என் நற்கிரியைக் கணக்கில் எழுதிக்கொண்டேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தம்பி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டான். கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் எடுத்து, இரு தரப்பும் படித்துப் பார்த்துச் சம்மதித்தே கையெழுத்திட்டோம் என்று சொன்னேன். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற வசனம் எனக்குத் தெரியாததல்ல. கோர்ட்டு எழுத்தைத்தான் பார்க்கும். எழுத்து என் பக்கம். 2012இல் அவன் தோற்றான், அப்பீலும் 2016இல் தள்ளுபடியாயிற்று. பவுல் நிருபங்களில் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்று ஒரு வார்த்தை வரும். சார்பு நீதிமன்றத்து முத்திரையோடு எனக்கு அது கிடைத்துவிட்டது.

இதில் எனக்கே ஆச்சரியமான ஒன்று உண்டு. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமும் நான் ராத்திரி ஜெபத்தில், ‘ஆண்டவரே, என்னைக் கோர்ட்டுக்கு இழுத்த தம்பியை மன்னிக்க எனக்குப் பெலன் தாரும்’ என்றுதான் கேட்டு வந்தேன். பொய்யாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனை மன்னிக்கப் பாடுபட்டேன். ஆலயத்தில் எனக்கு நாலு வரிசை முன்னால் அவன் உட்காருவான். நற்கருணைக்கு முன்னால் சமாதானம் சொல்லி ஒருவருக்கொருவர் கைகொடுத்து வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் யாராவது இருக்கும்படி உட்காருவோம். நான் கண்ணை மூடிக்கொண்டு அவனை மன்னித்துவிடுவேன். பிறகு எழுந்துபோய் அப்பமும் ரசமும் வாங்குவேன்.

இப்படியே போயிருக்கும். போன வருஷத்துக்கு முந்திய லெந்தில் எனக்குக் கொடுத்த பகுதி மத்தேயு 18ஆம் அதிகாரம், கடன்பட்ட ஊழியக்காரன் கதை. ராஜாவுக்கு ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன். கொடுக்க வழியில்லை. ராஜா மனமிரங்கி மொத்தத்தையும் மன்னித்துவிடுகிறார். வெளியே வந்த அவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். நான் பழக்கப்படி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாமல் உழைத்தால் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் வருஷம் ஆகும். மற்றவன் தரவேண்டியது நூறு நாள் கூலி. மூன்று மாதச் சம்பளம், அவ்வளவே.

கணக்கு நன்றாக வந்தது, கூட்டத்தில் எடுபடும் என்று சந்தோஷப்பட்டேன். கதையின் முடிவை மறுபடி படித்தபோதுதான் கை நின்றது. ராஜா மன்னிப்பை ரத்து செய்துவிடுகிறார். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு ரத்து. ‘இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை’ என்று செட்டில்மென்ட்டில் ஒரு ஷரத்துப் போடுவோமே, அது இந்தக் கதையில் இல்லை. கிருபை என்றால் திரும்ப வாங்காதது என்று இத்தனை வருஷம் பேசியவனுக்கு இது எப்படி இருக்கும்?

அப்போது ஒரு கிழவி ஞாபகத்துக்கு வந்தாள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் ரத்தாக்கலாம் என்று அதில் 23ஆம் பிரிவு சொல்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். மனு எழுத அந்தக் கிழவி என்னிடம் வந்திருந்தாள். மஞ்சள் பைக்குள் செட்டில்மென்ட் பத்திரம், அதற்குள் மகனின் கல்யாணப் போட்டோ. பாதி எழுதியிருப்பேன். ‘எடத்த நான் என்ன செய்யப் போறேன் ஐயா, அவன் ஒரு நா வாசலுக்கு வந்து சாப்பிட்டியாம்மான்னு கேட்டாப் போதும், இத அனுப்பாம அவன்கிட்ட காட்ட மட்டும் முடியுமா’ என்றாள். முடியாது என்று சொல்லி, எழுதின வரைக்கும் கூலி வாங்காமல் அனுப்பிவிட்டேன். அந்த ராஜாவும் அப்படித்தானோ என்று ஒரு எண்ணம். ஆறு கோடி நாள் கூலியைத் திரும்ப வாங்குவது அவருக்கு நோக்கமாக இருக்க முடியாது. அது வசூலாகிற தொகையே இல்லை.

இது வேத வியாக்கியானமா என்று கேட்டால், ஒரு பத்திர எழுத்தனின் வியாக்கியானம். ஐயர்மார் திருத்தட்டும். ஆனால் அன்று ராத்திரி நான் தேடிப் போனது இன்னொரு வசனத்தை. மத்தேயு 5:23. ‘நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்’. எத்தனையோ தடவை படித்த வரி. பத்திரத்தில் ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’ என்று பெயரைச் சரிபார்க்கிற மாதிரி அன்றைக்குத்தான் பார்த்தேன். உன் சகோதரன்பேரில் உனக்குக் குறை உண்டென்று அங்கே எழுதியிருக்கவில்லை. உன்பேரில் அவனுக்கு. நான் இத்தனை காலம் பெயரை மாற்றிப் போட்டு ஜெபித்திருக்கிறேன். கடன்பட்டவன் நான், மன்னித்துக்கொண்டிருந்தவனும் நான். பரமண்டல ஜெபத்தில் மத்தேயு ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்றுதான் எழுதுகிறார். ஆலயத்தில் சொல்லும்போது நாங்கள் குற்றங்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கடன் என்றே சொல்லி வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் உறைத்திருக்கும். கடன் பத்திரம் எழுதுகிறவனுக்கு அந்த வார்த்தை பழகினது.

அந்தக் கூட்டத்தில் நான் பேசவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அது இன்னொரு பொய்.

இரண்டாவது கடிதம் எழுதியவரிடம் நான் கேட்க நினைப்பது இதுதான். மலைப்பிரசங்கம் மனிதனால் ஆகாதது என்கிறீர்கள். என்னிடம் கேட்கப்பட்டது நாலடி. இரண்டு வார்த்தை. ‘எதிராளியோடு வழியில் இருக்கும்போதே சீக்கிரமாய் நல்மனம் பொருந்து’ என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது, எங்கள் வழக்கே வழியைப் பற்றியது. ‘உன்னோடு வழக்காடி உன் வஸ்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றிருக்கிறவனுக்கு உன் அங்கியையும் விட்டுவிடு’ என்று இருக்கிறது. அங்கி வரைக்கும் போக வேண்டாம், அவன் வஸ்திரத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பதில் என்ன ஆகாத காரியம்? மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் முடியாது என்று சொல்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டபோது, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று முன்னுரையில் எழுதினார். நன்மை செய்து, காணிக்கை கட்டி மோட்சத்தை விலைக்கு வாங்கலாம் என்ற எண்ணத்தை எதிர்த்துச் சண்டையிட்டவர் அவர், அவர் கோபம் புரிகிறது. ஆனாலும் வைக்கோல் இல்லாமல் எந்த வீட்டில் மாடு நின்றிருக்கிறது? அந்தச் சண்டையில் பிரிந்த லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க் நகரில் உட்கார்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிருபையினால்தான், நம் புண்ணியத்தினால் அல்ல, தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நற்கிரியை அதற்குப் பின்னால் வருகிற கனி என்கிற அளவில் ஒத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்து வழக்கு. எங்கள் பாதை வழக்கைவிடக் கொஞ்சம் பெரியது.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பாதையைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்து ஒரு வரைவு எழுதினேன். தான செட்டில்மென்ட். ‘என் உடன்பிறந்த தம்பியாகிய தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்.’ எழுதி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, ‘அவன் பாதைய அவனுக்கே தானம் பண்ணப் போறீகளாக்கும்’ என்றாள்.

கிழித்துப் போட்டேன். கிருபையைப் பற்றி அத்தனை வருஷம் பேசியதில் அந்த ஒரு வரி அளவுக்கு நான் சொன்னதில்லை. பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட தானம் செய்தவன் என்று ஊர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்திருக்கிறது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயு அப்படிச் சொல்லவில்லை பாருங்கள். ஏழைகளுக்குப் பாதி என்றான், அது தானம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், அது கடன். இரண்டையும் தனித்தனியாக வைத்தான். இயேசு அவன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னது இதற்கெல்லாம் முன்னால் என்பதும் உண்மை. இவன் கணக்கை முடித்துவிட்டு வரட்டும் என்று அவர் மரத்தடியில் காத்திருக்கவில்லை.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினேன். வரைவைத் தம்பி வீட்டுக்கு என் மகன் கையில் அனுப்பினேன், நேரில் போகத் தைரியம் வரவில்லை. தம்பி அதை ஒரு வக்கீலிடம் காட்டினான். வேறொரு பத்திர எழுத்தரிடம் காட்டினான். இருபது நாள் ஆயிற்று. இதில் என்ன வில்லங்கம் வைத்திருக்கிறான் என்று தேடியிருக்கிறான். எனக்கு ஒரே ஆத்திரம், நாமாக வந்து கொடுக்கும்போது இவனுக்கு இவ்வளவு சந்தேகமா என்று. பிறகு யோசித்தேன், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

போன வருஷம் பதிவாயிற்று. முள்கம்பியை எடுத்துவிட்டேன். இப்போது அவன் டிராக்டர் காலை ஐந்தரைக்கு என் படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. சத்தத்தில் கட்டிலே அதிரும். உங்கள் வாசகர்கள் நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் வருவது கோபம்தான். இவன் வேண்டுமென்றே இந்த நேரத்தில் ஓட்டுகிறான் என்று தோன்றும். பாதையைக் கொடுத்தது என்னால் ஆயிற்று. அவனைப் பார்த்தவுடன் மனசு மலர்வது என்று ஒன்று இருக்கிறதே, அது என் கையில் இல்லை. இரண்டாவது கடிதக்காரர் சொன்ன ‘முடியாது’ இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். இதற்குக் கிருபை வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த இடத்துக்கு வருவதற்கே நான் அந்த முள்கம்பியைப் பிடுங்க வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தபடியே முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன முடியாது என்பதே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. பிழைத்திருத்தல் பத்திரத்தில் பிழை எப்படி வந்தது என்று காரணம் எழுத வேண்டும். ‘கவனக்குறைவினால் தவறுதலாக எழுதப்பட்டுவிட்டபடியால்’ என்பது வழக்கமான வாசகம். எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள், நானும் அதையே எழுதினேன். பதிவன்று தம்பி பத்திரத்தை வாங்கி, இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தான். அந்த இடம் வந்ததும் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியது இரண்டே தடவை, ஒன்று கரண்ட் கம்பி பற்றி, ஒன்று சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகை அரிசி பற்றி.

கவனக்குறைவு இல்லை. தெரிந்தே விட்டேன். கோர்ட்டில் சொன்னதும் தெரிந்தே சொன்னதுதான். இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாலைந்து தடவை அந்தப் பாதையிலேயே நடந்து போனேன். அவன் வீட்டுக் கொய்யா மரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் ஊரில் படிக்கிறார்கள். தம்பி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து காப்பி குடிக்கும்போது படிப்பான். ‘வண்டி, வாகனம்’ என்று வருகிற இடத்தைத் தயவுசெய்து சுருக்கிவிடாமல் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தூத்துக்குடி மாவட்டம்.